எழுபதைத் தாண்டியவருக்குத் தோள்மூட்டு மாற்று: பத்து வருடம் கழித்து அந்தக் கை என்ன செய்யும்?

"அம்மாவுக்கு 76 வயது. வலது தோள்மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, உள்ளே ஜவ்வும் கிழிந்திருக்கிறது என்கிறார்கள். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. ரிவர்ஸ் முறையில், அதாவது மூட்டின் பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைத்து, மூட்டை மாற்றலாம் என்கிறார் டாக்டர். இது எத்தனை வருடம் தாங்கும்? இந்த வயதில் செய்வது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். 76 வயதில் வைக்கும் தோள்மூட்டு பெரும்பாலும் அவர் காலம் முழுக்கத் தாங்கிவிடும். பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2020ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட தோள்மூட்டுகள் பத்து வருடம் கழித்தும் மாற்றப்படாமல் இருந்தன. வயது இதில் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதை, இங்கிலாந்தில் 1998 முதல் 2017 வரை நடந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அலசிய இன்னொரு ஆய்வு காட்டியது. 55 முதல் 59 வயதுக்குள் மூட்டு மாற்றிக்கொண்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் என்று அதில் கணக்கிட்டார்கள். 85 வயதைத் தாண்டிய பெண்களில் அது 37 பேரில் ஒருவர்தான். உங்கள் அம்மா இந்த இரண்டாவது முனைக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

இந்த எண்களை அப்படியே வாங்கிக்கொள்ளவும் கூடாது. மூட்டு "தாங்கியது" என்று, மூட்டு மாற்றுகளைக் கணக்கெடுக்கும் பதிவேட்டில் எழுதுவதற்கு ஒரே அளவுகோல், அதைத் திறந்து மாற்றவில்லை என்பதுதான். எண்பது வயதில் கை சரியாகத் தூக்க முடியாமல் போனவர், இன்னொரு தடவை கத்தி வைக்க வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் அவரும் வெற்றிக் கணக்கில்தான் சேர்வார். உடல்நிலை தாங்காது என்று மருத்துவரே மறு அறுவையைத் தவிர்த்தாலும் அப்படித்தான். பிரான்ஸில் 2006ல் வெளியான ஒரு ஆய்வு இந்த இடைவெளியை வெளிப்படையாகக் காட்டியது. ரிவர்ஸ் மூட்டு வைத்தவர்களில் பத்து வருட முடிவில் மூட்டு எடுக்கப்படாமல் இருந்தது 91 சதவீதம் பேருக்கு. அதே கூட்டத்தில் "கை ஓரளவாவது பயன்படும் நிலையில் இருக்கிறதா" என்று அளவுகோலை மாற்றிப் பார்த்தபோது அது 58 சதவீதமாக இறங்கியது. ஆரம்பகாலத்து மூட்டுகள் அவை, நோயாளிகளும் பலவிதக் கோளாறுகளோடு வந்தவர்கள். உங்கள் அம்மாவுக்கு இருப்பது போல, ஜவ்வு கிழிந்து அதனால் மூட்டு தேய்ந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை மறக்கக் கூடாது.

ஆகவே நான் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். முதல் மூன்று மாதத்தை அம்மா எப்படிக் கடப்பார்? பத்தாவது வருடத்தில் அந்தக் கை என்ன செய்யும்? முடிவு எடுக்க இந்த இரண்டும்தான் வேண்டும். நான் பிசியோதெரபி பக்கத்திலிருந்து இதைப் பார்ப்பவன், அதனால் என் பதிலில் உலோகத்தைவிடத் தசை பற்றிய பேச்சு கூடுதலாக இருக்கும்.

முதலில் ஏன் ரிவர்ஸ் என்பது. தோளில் மேல்கை எலும்பின் தலை ஒரு பந்து, தோள்பட்டை எலும்பில் இருப்பது ஆழமில்லாத கிண்ணம். கிண்ணம் ஆழமில்லாததால் பந்தை நடுவில் பிடித்து வைப்பது சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளின் நாண்கள்தான். இவற்றைத்தான் ரொடேட்டர் கஃப் என்கிறார்கள், வீட்டில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொல்வதும் பெரும்பாலும் இதையே. அது பெரிதாகக் கிழிந்தால், கையைத் தூக்கும்போது பெரிய தோள் தசையான டெல்டாய்டு பந்தை நேராக மேலே இழுத்துவிடுகிறது. பந்து மேலே உள்ள எலும்போடு உரசி உரசித் தேய்கிறது. இந்த நிலையில் இயற்கையான அமைப்பிலேயே செயற்கைப் பந்தும் கிண்ணமும் வைத்தால், அதையும் பிடித்து வைக்க ஆள் இல்லை. கிண்ணம் ஒரு ஓரமாகவே அழுத்தம் வாங்கி ஆடி ஆடிக் கழன்றுவிடும்.

பிரான்ஸின் டிஜோன் நகரத்தில் போல் கிராமோன் என்ற அறுவை நிபுணர் 1985ல் இதற்குக் கண்டுபிடித்த வழி, இடங்களை மாற்றிவிடுவது. தோள்பட்டையில் பந்து, மேல்கையில் கிண்ணம். சுழற்சி மையம் உடலை நோக்கி உள்ளே தள்ளிப்போகிறது, கை சற்றுக் கீழே இறங்குகிறது, டெல்டாய்டு நன்றாக இழுபட்டு நிற்கிறது. கிழிந்த ஜவ்வு இல்லாமலே அந்த ஒரு தசை கையைத் தூக்கிவிடுகிறது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2003ல்தான். இன்று ஆஸ்திரேலியப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் வைக்கப்படும் தோள்மூட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ரிவர்ஸ்தான்.

(தோள்மூட்டு மாற்று என்பதே இடுப்பு, முழங்கால் மாற்றுகளுக்குப் பின்னால் வந்த புதுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பாரிஸில் ஜூல் பேயான் 1893லேயே பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு செய்த ஒரு தோள்மூட்டை வைத்துவிட்டார். காசநோய் தாக்கிய தோள் அது. தொற்று விடாததால் இரண்டு வருடம் போல ஆனதும் எடுக்க வேண்டியதாயிற்று. தொற்று இன்றைக்கும் தோளில் தலைவலிதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.)

ஜவ்வு நன்றாக இருந்து மூட்டு மட்டும் தேய்ந்தவர்களுக்கு இயற்கை அமைப்பிலான மூட்டு இன்னும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் நீர் 1950களில் தொடங்கி, 1970களில் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணமும் சேர்த்து முழுமையாக்கிய முறை. அதன் நெடுங்கால முடிவுகள் மோசமில்லை: அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் அந்த மூட்டுகளைத் தொடர்ந்து பார்த்ததில் பத்து வருடத்தில் 93 சதவீதம், பதினைந்து வருடத்தில் 87 சதவீதம் தாங்கியிருந்தன. கையைத் திருப்பும் அசைவுகள் ரிவர்ஸைவிட இதில் நன்றாக வரும். ஆனால் உள்ளே வைத்த மூட்டுக்கு வயதாவது போல வெளியே இருக்கும் ஜவ்வுக்கும் வயதாகிறது. 2012ல் வந்த ஒரு ஆய்வில் இந்த வகை மூட்டு வைத்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தோள்களைப் பின்தொடர்ந்தார்கள். ஐந்து வருடம் வரை ஜவ்வுக் கோளாறு யாருக்கும் இல்லை. பத்தாம் வருடத்தில் கோளாறு இல்லாதவர்கள் 84 சதவீதம். பதினைந்தாம் வருடத்தில் 45 சதவீதம். அதனால்தான் எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஜவ்வு சரியாக இருந்தாலும் ரிவர்ஸ் வைத்துவிடும் பழக்கம் இப்போது பெருகுகிறது. 2024ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு ஒப்பீடு இதற்கு ஓரளவு பலம் கொடுத்தது: அறுபது தாண்டியவர்களில், தேய்மானத்துக்காகச் செய்தபோது, முதல் மூன்று வருடங்களில் மறு அறுவை ரிவர்ஸில் குறைவாக இருந்தது. நெடுங்காலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு ஜவ்வு கிழிந்துவிட்டது என்பதால் இந்த விவாதம் அவருக்குத் தேவைப்படாது. டாக்டர் சொன்னது வழக்கமான, சரியான தேர்வு.

சரி, பத்தாவது வருடத்துக்கு வருவோம்.

வலிக்குத்தான் முதலிடம். இந்த அறுவையின் மிக உறுதியான பலன் வலி குறைவது, அதிலும் இரவு வலி. பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரங்களிலேயே தெரிய ஆரம்பிக்கும், பல வருடங்கள் கழித்தும் நிலைத்திருக்கும். தூக்கம் கெட்டுப்போன வயதானவருக்குத் தூக்கம் திரும்புவது என்றால் அதன் மதிப்பு எந்த மதிப்பெண்ணிலும் வராது.

கையைத் தூக்கும் அசைவு இரண்டாவது. அறுவைக்கு முன் தோள் உயரத்துக்கே வராத கை, ரிவர்ஸுக்குப் பின் பொதுவாக 120, 130 பாகை வரை முன்பக்கமாகத் தூக்க வரும். தலை வாருவது, அலமாரியின் நடுத்தட்டில் இருப்பதை எடுப்பது, முகம் கழுவுவது எல்லாம் சாத்தியம். முன்னேற்றம் ஆறு மாதம் வரை வேகமாகவும், அப்புறம் ஒரு வருடம் வரை மெதுவாகவும் இருக்கும். அதற்குப் பிறகு பல வருடங்கள் ஒரே நிலை. எட்டு, பத்து வருடத்துக்கு மேல் மெல்ல இறங்க ஆரம்பிக்கிறது. 2017ல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், வலி, அன்றாட வேலை, அசைவு, பலம் எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் போடும் கான்ஸ்டன்ட் மதிப்பெண் நடுத்தரக் காலத்தில் சராசரி 63 இருந்தது, பத்து வருடம் தாண்டியதும் 55 ஆயிற்று. அறுவைக்கு முந்தைய நிலையோடு பார்த்தால் அப்போதும் மிக நன்றாகவே இருந்தது. அதே ஆய்வில் பத்து வருடத்தில் மூட்டு தாங்கியது 93 சதவீதம்.

இந்த இறக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பேன். எழுபத்தைந்து வயதில் எந்தக் கோளாறும் இல்லாத தோளுக்கே அந்த அளவுகோலில் நூறு வராது, எண்பத்தைந்தில் இன்னும் குறையும். இறங்குவதில் எவ்வளவு மூட்டால், எவ்வளவு வயதால் என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒன்று நிச்சயம். ரிவர்ஸ் மூட்டில் வேலை செய்வது டெல்டாய்டு ஒன்றுதான், வேறு மாற்று ஆள் இல்லை. அது மெலிந்தால் கை இறங்கும். அறுவைக்கு முன்பே அந்தத் தசைக்கு உயிர் கொடுக்கும் ஆக்ஸிலரி நரம்பு வேலை செய்கிறதா என்று டாக்டர் சோதித்திருப்பார். சோதிக்கவில்லை என்றால் கேளுங்கள். அந்தத் தசை செயலிழந்திருந்தால் ரிவர்ஸ் மூட்டுக்கு அர்த்தமே இல்லை.

மூன்றாவது விஷயத்தைப் பற்றி அறுவைக்கு முன் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. கையை முதுகுப் பக்கம் கொண்டுபோவது. ரிவர்ஸில் இந்த உள்சுழற்சி பலருக்குச் சரியாக வராது. இடுப்புக்குப் பின்பக்கம் எட்டுவது, உள்ளாடைக் கொக்கியை மாட்டுவது, கழிப்பறையில் சுத்தம் செய்துகொள்வது எல்லாம் இந்த அசைவைச் சேர்ந்தவை. இளையவர்கள் இதை ஒரு குறையாகப் பார்ப்பார்கள். தனியாக இருக்கும் வயதானவருக்கு இது சுயமரியாதைப் பிரச்சினை. உங்கள் அம்மா எந்தக் கையால் சுத்தம் செய்துகொள்கிறார் என்று இப்போதே பேசுங்கள். அந்தக் கைக்குத்தான் அறுவை என்றால், முன்கூட்டியே மற்றக் கைக்குப் பழக்கிக்கொள்ளட்டும், கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும் வசதி செய்துவையுங்கள். இரண்டு தோளும் கெட்டிருந்தால் இதை அறுவை நிபுணரிடம் முதல் பேச்சிலேயே எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரிவர்ஸ் வைத்துக்கொண்டு நன்றாக இருப்பவர்கள் உண்டுதான், ஆனால் எந்தப் பக்கத்தை முதலில் செய்வது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை இந்த ஒரு அசைவுதான் தீர்மானிக்கும்.

கையை வெளிப்பக்கம் திருப்புவதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. பின்னால் இருக்கும் டெரீஸ் மைனர் என்ற சிறு தசை மிஞ்சியிருந்தால் வரும். இல்லாவிட்டால் கையை உயர்த்தி வாய்க்குக் கொண்டுபோகும்போது முன்கை உள்பக்கம் சரிந்துவிடும். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தத் தசை எப்படி இருக்கிறது என்று கேட்டுவைப்பது நல்லது.

பலம்? சாதாரண வீட்டு வேலைக்குப் போதும். எவ்வளவு எடை தூக்கலாம் என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. கனமானதை உடலை ஒட்டி, இரண்டு கையாலும் தூக்குவது, தலைக்கு மேல் கனம் தூக்காமல் இருப்பது என்ற அளவில் வைத்துக்கொண்டால் போதும்.

நெடுங்காலத்தில் மூட்டுக்கு உள்ளே என்ன கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கிராமோன் வடிவத்தில் கை இறங்கும்போது கிண்ணத்தின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் கழுத்தில் இடித்து அங்கே பள்ளம் விழும். பழைய மூட்டுகளில் பாதிக்கும் மேலானவர்களின் எக்ஸ்-ரேயில் இது தெரிந்தது. பலருக்கு அதனால் தொந்தரவே இல்லை, சிலருக்கு வருடங்கள் போகப்போக ஆழமாகிறது. பந்தைக் கொஞ்சம் கீழே வைப்பது, வெளியே தள்ளி வைப்பது, கிண்ணத்தின் சாய்வைக் குறைப்பது என்று புது வடிவங்கள் வந்தபின் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழ வேண்டும்: பதினைந்து வருட முடிவு என்று நமக்குக் காட்டப்படுவது பதினைந்து வருடத்துக்கு முன் வைத்த மூட்டின் முடிவு. இன்றைய மூட்டு அதைவிட நன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பலவற்றுக்கு அவ்வளவு நீண்ட கணக்கு இன்னும் சேரவில்லை.

வயதான பெண்களுக்கு நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வது தோளின் உச்சியில் இருக்கும் அக்ரோமியன் எலும்பை. ரிவர்ஸ் மூட்டில் டெல்டாய்டு எப்போதும் இழுபட்டே இருப்பதால், எலும்பு மெலிந்தவர்களுக்கு அந்த எலும்பிலோ அது தொடரும் தோள்பட்டை எலும்பின் முகட்டிலோ விரிசல் விழலாம். சிறு சதவீதத்தினருக்குத்தான் வருகிறது, ஆனால் வந்தால் கிடைத்த பலனில் ஒரு பகுதி போய்விடும். அடையாளம் எளிது. சில மாதங்கள் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்த கை, அடி எதுவும் படாமலே, தோள் உச்சியில் தொட்டால் வலிக்கும், தூக்க முடியாமல் போகும். எக்ஸ்-ரேயில் பலமுறை இது தப்பிவிடும், சிடி ஸ்கேனில் தெரியும். "உடற்பயிற்சி போதவில்லை" என்று சொல்லி இன்னும் இழுத்துப் பயிற்சி கொடுத்தால் விரிசல் பெரிதாகும். இதனால்தான் அறுவைக்கு முன்பே எலும்பு அடர்த்தி பார்த்து, குறைவாக இருந்தால் மருந்து தொடங்கிவிடுவது நல்லது. முடக்குவாதம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இனி முதல் மூன்று மாதம். எழுபது தாண்டியவருக்கு உண்மையான அபாயம் பத்தாவது வருடத்தில் இல்லை, இங்கேதான். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அலசிய, முதலில் சொன்ன அதே இங்கிலாந்து ஆய்வில், எல்லா வயதினரையும் சேர்த்து, அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் ஏதாவது ஒரு கடுமையான பாதிப்பு வந்தது 4.6 சதவீதம் பேருக்கு. 85 வயதைத் தாண்டிய பெண்களில் ஒன்பதில் ஒருவருக்கு, ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு. இவற்றில் பலவும் மூட்டோடு சம்பந்தம் இல்லாதவை: நுரையீரல் தொற்று, சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு, ரத்தக்கட்டி. அதனால் 76 வயது என்ற எண்ணைவிட, அம்மாவின் இதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி. ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? நினைவாற்றல் எப்படி? ஏற்கெனவே லேசான மறதி இருந்தால் அறுவைக்குப் பின் சில நாட்கள் குழப்பம் வரும் வாய்ப்பு அதிகம். அப்படிக் குழம்பியவர் கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் ஸ்லிங்கைக் கழற்றிவிட்டுக் கையை ஊன்றி எழுந்தால் மூட்டு நழுவலாம்.

மயக்க மருந்து நிபுணரிடம் தவறாமல் சொல்ல வேண்டியது, நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் அதைப் பற்றி. தோள் அறுவைக்குக் கழுத்துப் பக்கத்தில் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போகச் செய்வது வழக்கம், வலி நிவாரணத்துக்கு அருமையான முறை. ஆனால் பழைய முறையில் அந்த ஊசி அதே பக்கத்து உதரவிதானத்தையும் சில மணி நேரம் செயலிழக்கச் செய்துவிடும். ஆரோக்கியமானவருக்கு அது தெரியவே தெரியாது, நுரையீரல் பலவீனமானவருக்கு மூச்சுத் திணறும். மருந்தின் அளவைக் குறைத்தோ வேறு இடத்தில் போட்டோ இதைச் சமாளிக்க வழி உண்டு, முன்கூட்டித் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தொற்று. அக்குளையும் முதுகையும் ஒட்டிய தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் குடியிருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமிதான் தோள்மூட்டில் அடிக்கடி மாட்டுவது, ஆண்களுக்குக் கூடுதலாக. இது காய்ச்சல், சீழ், சிவப்பு என்று எதையும் காட்டாமல் வரக்கூடியது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூடக் காரணமில்லாத வலியும் இறுக்கமுமாக வெளிப்படும், ரத்தப் பரிசோதனையும் சாதாரணமாக இருக்கும். ஆய்வகத்தில் இது மெதுவாக வளர்வதால் மாதிரியை இரண்டு வாரம் வரை வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நாளில் "கிருமி இல்லை" என்று வந்த அறிக்கையை நம்பி விட்டுவிடக் கூடாது. அறுவைக்கு முந்தைய நாட்களில் பென்சாயில் பெராக்ஸைடு தோலில் பூசச் சொல்வது இந்தக் கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான். அப்புறம் ஒரு விஷயம்: வலிக்காகத் தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அதிலிருந்து மூன்று மாதமாவது இடைவெளி விட்டுத்தான் மூட்டு மாற்ற வேண்டும். "அறுவைக்கு முன் ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், தேதியைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்து மேல்கை எலும்பு முறிந்த வயதானவர்களுக்கும் இதே ரிவர்ஸ் மூட்டு வைக்கிறார்கள். அது வேறு கணக்கு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இங்கிலாந்தில் நடந்து 2015ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், விலகிய தோள் முறிவுகளுக்கு அறுவை செய்தவர்களும் ஸ்லிங்கில் விட்டவர்களும் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். அதில் செய்த அறுவைகளில் பெரும்பாலானவை எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உலோகத் தகடு (பிளேட்) வைத்தவை. நார்வேயில் 65 முதல் 85 வயதுள்ளவர்களின் மோசமான முறிவுகளில் பிளேட்டையும் ரிவர்ஸையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, இரண்டு வருடத்தில் ரிவர்ஸ் தெளிவாக முன்னால் நின்றது: கான்ஸ்டன்ட் மதிப்பெண் 68க்கு எதிராக 54.6. அறுவை செய்தே தீர வேண்டிய முறிவு என்றால் இந்த வயதில் பிளேட்டைவிட ரிவர்ஸ் மேல் என்று எடுத்துக்கொள்ளலாம். எண்பது தாண்டியவருக்கு அறுவை வேண்டுமா என்பதே முதல் கேள்வி. அவசரம் இல்லாத முறிவில் ஸ்லிங்கில் விட்டுப் பார்த்துவிட்டுப் பின்னால் முடிவு செய்வதால் வாசல் அடைபட்டுவிடாது.

உங்கள் அம்மாவுடையது முறிவில்லை, தேய்மானம். அவசரமே இல்லை. பயிற்சியால் டெல்டாய்டின் முன்பகுதியைப் பலப்படுத்தியே சமாளித்து வருபவர்கள் இருக்கிறார்கள். இரவுத் தூக்கம் தொடர்ந்து கெட்டால், மருந்தும் பயிற்சியும் சில மாதம் நேர்மையாகச் செய்தும் மாறாவிட்டால், அப்போது செய்வதில் தவறில்லை. வலி குறைவு, கை மட்டும் பழையபடி மேலே போகவில்லை என்பது ஒன்றே காரணம் என்றால் நானாக இருந்தால் பொறுத்திருக்கச் சொல்வேன். வலிக்காகச் செய்தவர்கள்தான் வருடங்கள் கழித்தும் திருப்தியாக இருக்கிறார்கள். அதே சமயம் "இன்னும் பத்து வருடம் தள்ளிப்போடுவோம்" என்றும் போகக் கூடாது. 76ல் தாங்கக்கூடிய மயக்க மருந்தை 86ல் தாங்குவாரா என்று பார்க்க வேண்டும், அதற்குள் கிண்ணத்தின் எலும்பும் கரைந்துவிட்டால் மூட்டை ஊன்ற இடம் குறையும்.

யாரிடம் செய்வது என்பதும் முடிவை மாற்றும். இங்கிலாந்தில் 2023ல் வந்த ஆய்வு, வருடத்துக்குப் பத்துக்கும் குறைவாகத் தோள்மூட்டு மாற்றுபவர்களிடம் மறு அறுவை அபாயம் கூடுவதைக் காட்டியது. எலும்பு நிபுணர் என்பது மட்டும் போதாது. முழங்கால் மாற்றில் பெயர் பெற்றவர் தோளை எப்போதாவது செய்பவராக இருக்கலாம். "வருடத்துக்கு எத்தனை தோள் செய்கிறீர்கள்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறுவைக்குப் பின் ஸ்லிங் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். ஒரு கை கட்டப்பட்டிருக்கும்போது நடையில் சமநிலை குறையும், இரவில் கழிப்பறைக்குப் போகும்போதுதான் விழுவார்கள். வழியில் விளக்கு, கால் தடுக்கும் விரிப்புகளை எடுத்துவிடுவது போன்ற சின்ன ஏற்பாடுகள் எந்தப் பயிற்சியையும்விட முக்கியம். விழுந்து, மேல்கை எலும்புக்குள் இறக்கிய மூட்டின் தண்டுக்குக் கீழே எலும்பு முறிந்தால் அதைச் சரி செய்வது முதல் அறுவையைவிடக் கடினம். வாக்கர் வைத்து நடப்பவராக இருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அந்தக் கையில் பாரம் எப்போது கொடுக்கலாம் என்பதைத் திட்டமிட வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது கையைப் பின்னால் ஊன்றி உந்துவதுதான் ரிவர்ஸ் மூட்டு நழுவ மிகத் தோதான நிலை. முதல் மூன்று மாதம் அப்படி ஊன்றவே கூடாது. உயரமான, உறுதியான நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தால் கையில்லாமலே எழலாம். கால் தொடைப் பயிற்சியை அறுவைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுவது அதற்காகத்தான்.

பயிற்சியை மூன்று மாதத்தோடு நிறுத்திவிடும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. டெல்டாய்டுக்கான எளிய பயிற்சிகளை, வாரத்துக்குச் சில நாளாவது, வருடக்கணக்கில் தொடரச் சொல்வேன். எட்டாவது வருடத்துக்கு மேல் வரும் அந்த இறக்கத்தைப் பயிற்சி தடுத்துவிடும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது, ஆனால் அந்த மூட்டில் வேலை செய்வது ஒரே ஒரு தசை என்று தெரிந்த பிறகு அதைச் சும்மா விடுவதற்குக் காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எக்ஸ்-ரே தொடர்கண்காணிப்பு ஒவ்வொரு மருத்துவரிடமும் ஒவ்வொரு விதம். முதல் வருடத்தில் சில தடவை, அப்புறம் சில வருடத்துக்கு ஒருமுறை என்பது பரவலாக இருக்கிறது. தொந்தரவு இல்லை என்று போகாமல் விடாதீர்கள். கிண்ணமோ பந்தோ மெல்லத் தளர்வது வலிக்கு முன்பே படத்தில் தெரியும், பழைய படங்கள் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அந்தப் படங்களையும், வைத்த மூட்டின் நிறுவனம், அளவு, தொகுதி எண் ஒட்டிய சீட்டையும் ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள். பன்னிரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் வேறு ஒருவர் அதைத் திறக்க வேண்டி வந்தால், உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாமல் தடுமாறுவதுதான் அவருக்கு முதல் சிக்கலாக இருக்கும்.